சர்க்கார் வக்கீல் சரியில்லையா? வேறு வக்கீல் கேட்கலாம்!

பெங்களூர்:

அடித்தவன் தனக்குப் பிடித்த வக்கீலை வைத்துக்கொள்ளலாம். அடிபட்டவனுக்கு அப்படி இல்லை. குற்ற வழக்கை நடத்துவது சர்க்கார். சர்க்கார் அனுப்புகிறவர்தான் வக்கீல். புகார் கொடுத்தவர் கோர்ட்டில் வெறும் சாட்சி.

ஜாதிக் கொடுமை வழக்குகளில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. அது பலருக்குத் தெரியாது.

4-வது விதி

1955-ம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976-ல் குடி உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. வழக்குத் தொடரவும், நடக்கும் வழக்குகளை மேற்பார்வை செய்யவும் அதிகாரிகளை நியமிக்க அப்போதே அதில் இடம் வைத்தார்கள். அது போதவில்லை. 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1995-ல் அதற்கு விதிகள் வந்தன.

அந்த விதிகளில் 4-வது விதி வக்கீலைப் பற்றியது. 7 ஆண்டுக்குக் குறையாமல் தொழில் செய்த வக்கீல்களின் பட்டியல் மாவட்டந்தோறும் இருக்க வேண்டும். ஜனவரியிலும் ஜூலையிலும் அவர்கள் வேலையைப் பரிசீலிக்க வேண்டும். அக்கறை இல்லாதவர் பெயரை நீக்கலாம். மற்ற சர்க்கார் வக்கீல்களைவிட இவர்களுக்குச் சம்பளமும் அதிகம்.

முக்கியமானது 5-வது உட்பிரிவு. பாதிக்கப்பட்டவர் விரும்பினால், பெயர் பெற்ற மூத்த வக்கீல் ஒருவரைக் கலெக்டர் அமர்த்தலாம். பீஸ் சர்க்கார் கொடுக்கும்.

"அமர்த்தலாம்" என்றுதான் இருக்கிறது. "அமர்த்த வேண்டும்" என்று இல்லை. இருந்தாலும் கேட்காமல் யார் கொடுப்பார்கள்?

ரெயில் பாதையில் பிணம்

2015 ஜூன் மாதம், ஓமலூர் வாலிபர் கோகுல்ராஜ் பள்ளிபாளையம் அருகே ரெயில் பாதையில் பிணமாகக் கிடந்தார். நாமக்கல்லில் விசாரணை நடந்தபோது சாட்சிகள் பல்டி அடித்தார்கள். தாயார் சும்மா இருக்கவில்லை. வேறு ஊர் கோர்ட்டு வேண்டும், வேறு வக்கீல் வேண்டும் என்று போராடினார். வழக்கு மதுரைக்கு மாறியது. ப.பா.மோகன் அரசுத் தரப்பு வக்கீல் ஆனார். திருச்செங்கோடு கோவில் காமிராவில் பதிந்த படங்கள் முக்கிய சாட்சியம் ஆயின. 2022 மார்ச் 8-ந் தேதி 10 பேருக்கு ஆயுள் தண்டனை. 2023-ல் ஐகோர்ட்டும் அவர்கள் குற்றவாளிகள் என்பதை உறுதி செய்தது.

கம்பாலப்பள்ளி

நமக்குப் பக்கத்திலேயே நடந்ததையும் பார்க்க வேண்டும். அன்றைய கோலார் மாவட்டத்தில், சிந்தாமணி அருகே உள்ள கம்பாலப்பள்ளியில் 2000 மார்ச் 11-ந் தேதி தாழ்த்தப்பட்டோர் 7 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். சாட்சிகள் மாறிப் பேசினார்கள். 2006-ல் எல்லோரும் விடுதலை.

கொப்பள் மாவட்டம் மரகும்பியில் 2014-ல் நடந்த தாக்குதலில் 98 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் எப்போது? 2024 அக்டோபரில்! கூடிய வரை 2 மாதத்தில் விசாரணை முடிய வேண்டும் என்கிறது சட்டம்.

எங்கே கேட்பது?

கர்நாடகத்தில் கலெக்டரை டெபுடி கமிஷனர் என்பார்கள். அவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். உதவி கமிஷனரிடமும் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இணைப்பது நல்லது. அந்த நகல் இலவசம். 4-வது விதி, 5-வது உட்பிரிவு என்று மனுவிலேயே குறிப்பிடலாம். எந்த வக்கீல் வேண்டும் என்பதையும் எழுதலாம். மனு கொடுத்ததற்கு ரசீது வாங்க மறக்கக் கூடாது. சாட்சிகள் கூண்டில் ஏறுமுன் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் மாறிப் பேசிய பிறகு, எந்த வக்கீல் வந்தாலும் பாடு அதிகம்.