தழிஞ்சி அறிந்த வாள் விளையாட்டு

1997ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டிலே ‘புஷிடோ பிளேடு’ என்னும் வாட்போர் விளையாட்டொன்று, சோனி நிறுவனத்தாரின் ப்ளேஸ்டேஷன் என்னும் பொறிக்கென வெளிவந்தது. அதனை ஆக்கியோர் லைட்வெயிட் என்னும் குழுவினர். வெளியிட்டோர் ஸ்கொயர் நிறுவனத்தார். அந்நிறுவனத்தாரே அவ்வாண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட ‘ஃபைனல் ஃபேண்டஸி 7’ உலகெங்கும் பெரும்புகழ் பெற்றது. அப்புகழின் நிழலில் இச்சிறு ஆட்டம் பலர் கண்ணுக்கும் படாது ஒதுங்கிற்று. பழைய விளையாட்டுக்களைத் தேடி ஆடுவோர் சிலரே இன்று இதன் பெயரை அறிவர். அதன் விதிகள் புதுமையானவை. தமிழ் பயில்வோர்க்கோ அவை முற்றும் புதியனவும் அல்ல. அது பற்றியே இக்கட்டுரை எழுதலாயிற்று.

முத்தையாபுரத்தில் எங்கள் இல்லத்திற்கு இவ்விளையாட்டு கப்பல் வழியாக வந்தது. என் தாய்மாமன் சரக்குக் கப்பலிற் பணியாற்றிய நாளில், வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றிற் பழம்பொருட் கடையில் வாங்கிய பொறியோடு சில குறுந்தகடுகளும் கொணர்ந்தார். அவற்றுள் ‘டெக்கன் 3’ எங்கள் தெருப் பிள்ளைகள் அனைவரும் அறிந்தது. விடுமுறை நாட்களில் அதற்கென வாயிலில் வரிசையே நிற்கும். ‘புஷிடோ பிளேடு’ தகட்டையோ ஒருமுறை இட்டுப் பார்த்தோர் மறுமுறை கேட்டிலர். “தொடங்கியவுடன் முடிந்துபோகிறதே!” என்பதே அவர்தம் குறை.

அக்குறையை விளக்குதற்கு, இத்தகைய விளையாட்டுக்களின் பொது இயல்பை முதற்கண் கூறல் வேண்டும். இவற்றை ஆடியறியாத ஆசிரியப் பெருமக்களும் இவ்விதழைப் படிப்பார்கள் அன்றோ? திரையில் இருவர் எதிரெதிர் நிற்பர். ஒவ்வொருவர் பெயரருகிலும் ஒரு பட்டை நீண்டிருக்கும். அதனை உயிர்ப்பட்டை எனலாம். அடி விழுந்தோறும் பட்டை குறையும். முற்றும் குறைந்தவன் தோற்றவன். கேப்காம் நிறுவனத்தார் 1991இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ இம்முறையை எங்கும் பரப்பிற்று. அதிலே தொண்ணூற்றொன்பதிலிருந்து இறங்கிவரும் கடிகாரமும் உண்டு. கைகலந்து குத்தும் போருக்கு இது பொருந்தும். ஆனால் வாட்போருக்கும் இதனையே கொண்டனர். 1996இல் ப்ளேஸ்டேஷனுக்கு வந்த ‘சோல் எட்ஜ்’ என்னும் ஆட்டத்தில் ஒருவன் மார்பிலே வாள் பலகாற் பாய்ந்தும், ஒன்றும் நேராதவன்போல் எழுந்து நின்று குதிப்பான். வாள் ஈண்டுப் பெயரளவில் வாள். உண்மையில் அது நீண்டதொரு கை.

‘புஷிடோ பிளேடு’ உயிர்ப்பட்டையை அறவே நீக்கிற்று, கடிகாரத்தையும் நீக்கிற்று. தலையிலோ மார்பிலோ வெட்டு நேர்பட விழுந்தால் அவ்வொன்றே போதும், ஆட்டம் முடிந்தது. காலில் விழுந்தால் வீரன் மண்டியிட்டு ஊர்ந்தவாறே போரிடுவான். கையில் விழுந்தால் அக்கை தளரும். ஆடுவோர் தெரிந்துகொள்ளுதற்கு ஆறு வீரரும் எட்டுப் படைக்கலங்களும் உள. மெல்லிய ரேப்பியர் வாள் முதல் பெருஞ்சம்மட்டி ஈறாக ஒவ்வொன்றிற்கும் தனித்த எடையும் நீளமும் விரைவும் உண்டு. வாளை உயர்த்தியும், நடுவே நீட்டியும், தாழ்த்தியும் பிடிக்கும் மூன்று நிலைகளும் உள. நிலை மாற்றும் நொடியிலே காப்பு நழுவும். ஆதலின் எப்பொழுது மாற்றுவது என்பதே ஒரு கலை. போர்க்களமும் நான்கு கோட்டுக்குள் அடைபட்டதன்று. வீரர் ஓரிடம் விட்டு ஓரிடம் ஓடலாம். மூங்கிற் காட்டுள் வாள் வீசினால் மூங்கில்கள் அறுபட்டுச் சாயும்.

இவற்றின் பயன் யாதெனில், ஆடுவோர் அஞ்சக் கற்றுக்கொள்கின்றனர். ‘டெக்கன்’ ஆடும் பிள்ளைகள் பொத்தான்களை மழைபோல் தட்டுவர். தட்டிய நூற்றில் பத்துப் பட்டால் வெற்றி. இங்கே ஒரு வீண் வீச்சு உயிரை வாங்கிவிடும். ஆகவே இருவரும் வாளை நீட்டியபடி அசையாது நின்று, ஒருவர் மூச்சை ஒருவர் எண்ணுவார்போல் ஒருவரையொருவர் நோக்குவர். பார்ப்போர்க்குச் சலிப்புத் தரும் அந்நேரமே ஆடுவோர்க்குச் சுவை மிக்க நேரம். நம் சிலம்பக் களங்களில் தொடுமுறைப் போட்டி காண்போர் இதனை எளிதில் உணர்வர். அங்கும் கம்பு சுழலும் ஓசையைவிட, அது தொடும் ஒரு கணமே பெரிது.

இனி, இவ்விளையாட்டின் உயிர்நிலையான விதிக்கு வருவோம். தனியொருவர் ஆடும் கதைப் பகுதியில், ஐந்நூறு ஆண்டுப் பழமையுடைய வாட்பயிற்சிக் கூடமொன்றிலிருந்து தப்பிச் செல்ல முயலும் ஒருவராக நாம் ஆடுகின்றோம். கூடத்தார் ஒருவர்பின் ஒருவராக வந்து நம்மைத் தடுக்கின்றனர். அப்போரில் எதிரியை முதுகில் வெட்டலாகாது. அவன் வணங்கும்பொழுது தாக்கலாகாது. கண்ணில் மண் தூவலாகாது. பொறியோ அவற்றுள் ஒன்றையும் தடுப்பதில்லை. முதுகில் வெட்டினால் வெட்டு விழும், எதிரியும் இறப்பான், அடுத்தவனும் வருவான். வென்றோம் என்றே எண்ணி மேற்செல்வோம். பிறகு ஓரிடத்தில் கதை திடீரென அறுந்து, வீரர்க்குரிய ஒழுக்கம் பற்றிய அறவுரை ஒன்று திரையில் தோன்ற, ஆட்டம் முடிந்துவிடும்.

புறப்பொருள் வெண்பாமாலையில் ஐயனாரிதனார் வஞ்சித்திணையுள் தழிஞ்சி என்றொரு துறை வகுத்தார். தோற்று முதுகிட்டு ஓடுவார்மேல் வாளோச்சாத மறப்பண்பைப் பாராட்டுவது அது. (தொல்காப்பிய உரைகளில் இச்சொல்லுக்கு வேறு பொருளும் காணப்படும், அவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டா.) இத்துறையை வகுப்பிற் படித்தபொழுது, ஓடுகின்றவனை வெட்டாமைக்கு இத்துணைப் புகழா என்று வியந்தோர் உண்டு. வெட்டுதற்கு வாய்ப்பும் வலியும் கையில் இருந்தும் வெட்டாமையே ஈண்டுப் புகழப்படுவது. முதுகில் வெட்டு விழாதபடி பொறியே தடுத்திருந்தால், அங்கே விதி உண்டு; தழிஞ்சி இல்லை. இவ்விளையாட்டை ஆக்கியோர் அந்நுட்பத்தை உணர்ந்தே வெட்டும் உரிமையை நம் கையில் விட்டனர் போலும்.

வெட்டுவானுக்கு இஃது அறமாயின், வெட்டுண்பானுக்கு முதுகுப் புண் எத்தகையது என்பதைப் புறநானூறு காட்டும். வெண்ணிப் பறந்தலையிற் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், புறத்தே பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய முதியவள், தன் மகன் புறங்கொடுத்தான் என்று ஊரார் கூறக் கேட்டுச் சினந்து, வாளோடு களம் புகுந்து பிணங்களைப் புரட்டித் தேடினாள். உயிர்ப்பட்டையில் முன்புண்ணுக்கும் பின்புண்ணுக்கும் வேற்றுமை இல்லை. இரண்டும் ஒரே அளவில் பட்டையைக் குறைக்கும். எனக்குத் தெரிந்த ஆட்டங்களுள் இவ்விரண்டையும் வேறுபடுத்தி எண்ணியது ‘புஷிடோ பிளேடு’ ஒன்றே.

குறைகளும் உள. பொறி ஆட்டும் எதிரிகள் சிலர் மிக எளிதில் வீழ்வர். நூறு பேரை ஒருவர்பின் ஒருவராக வெட்டி வீழ்த்தும் பகுதி ஒன்று உண்டு. முப்பதாமவனுக்குமேல் அஃது அறுவடை வேலையே ஆகிவிடும். அறவிதியும் எங்கும் வெளிப்பட விளக்கப்படாமையால், தாம் செய்த பிழை இன்னதென அறியாமலே பலர் தகட்டைக் கழற்றி வைத்திருப்பர். 1998இல் இதன் இரண்டாம் பாகம் வந்தது. விரைவு மிகுந்தது, முதற்பாகத்தின் கடுமை குறைந்தது. நான் முதற்பாகத்தையே விரும்புவேன்.

இருவர் எதிரெதிர் அமர்ந்து ஆடும் பகுதியிலோ அறவிதி கிடையாது. முதுகில் வெட்டினும் பொறி வாய் திறவாது, வென்றவன் வென்றவனே. சிற்றப்பா மகனும் நானும் ஆடத் தொடங்கிய சில நாட்களுக்குள், எவரும் சொல்லாமலே, விழுந்தவன் எழுமட்டும் மற்றவன் வாளைத் தாழ்த்திக் காத்திருக்கும் வழக்கம் எங்களிடையே ஏற்பட்டுவிட்டது. மண் தூவுவதும் நின்றது. எஞ்சியிருப்பது ஒரு வழக்கே. மூங்கிற் காட்டுக்குள் இடம் பார்த்து ஓடுகின்றவனைப் பின்தொடர்ந்து வெட்டலாமா? அவன் தோற்று ஓடவில்லை, நல்ல இடம் தேடியே ஓடுகின்றான், ஆதலின் வெட்டலாம் என்பது தம்பியின் கட்சி. முதுகு காட்டினான் என்றால் காட்டினான்தான் என்பது என் கட்சி. இவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. இடையில் மூங்கில்களே மிகுதியாக வெட்டுண்கின்றன.