மனுஷிக்கும் தேய்மானம் உண்டா?



எந்திரத்துக்குத் தேய்மானம் போடுவது நமக்குப் பாடத்தில் உண்டு. வாங்கிய விலை, ஆயுட்காலம், கடைசியில் பழைய இரும்பு விலை. இதே கணக்கைப் பெண் தொழிலாளிக்கும் போடுகிறார்கள் என்று எழுதியவர் மெலிசா ரைட், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியை. (புவியியல் என்றால் மலை, ஆறு, மழையளவு என்றுதான் நானும் நினைத்திருந்தேன்!)

அவர் ஆராய்ந்த ஊர்களில் முக்கியமானது மெக்சிகோவின் சியுடாட் ஹுவாரெஸ். ஆற்றுக்கு அக்கரையில் அமெரிக்காவின் எல் பாசோ. 1965-இல் எல்லையோரத் தொழில் திட்டம் வந்தது. பாகங்கள் வரியில்லாமல் வரும். பூட்டி முடித்துத் திரும்ப ஏற்றுமதியாகும். 'மக்கிலாடோரா' என்பது இந்த ஆலைகளுக்குப் பெயர். ஆரம்பத்தில் வேலைக்கு எடுத்ததெல்லாம் பெரும்பாலும் இளம்பெண்கள். ஊர் பாலைவனத்துக்குள் பரவியது. ஆலைக்குச் சாலையும் மின்சாரமும் போயின. தொழிலாளர் குடிசைகள் பலவற்றுக்குக் குடிநீர்க் குழாய்கூடப் போகவில்லை.

மேலாளர்கள் சொன்னது என்ன தெரியுமா? பெண்களுக்கு விரல் வேகம், பொறுமை உண்டு. ஆனால் நிலைத்திருக்க மாட்டார்கள், பயிற்சி கொடுப்பது வீண். அதனால் பயிற்சி இல்லை. பயிற்சி இல்லாததால் உயர்வு இல்லை. சில வருஷத்தில் விரலும் முதுகும் போகும், அவளும் போவாள், புதுசாக ஒருத்தி வருவாள். பிறகு, "பார்த்தீங்களா, நிக்கவே மாட்டேங்கறாங்க!" என்பார்கள். இது இயற்கை இல்லை, கட்டிவிட்ட கதை என்று 2006-இல் வந்த நூலில் ரைட் காட்டுகிறார்.

கதை ஆலைக்குள் நிற்கவில்லை. 1993 முதல் அந்த ஊரில் நூற்றுக்கணக்கான பெண்கள் கொல்லப்பட்டார்கள். அதிகாரிகளோ, அந்தப் பெண்களின் நடத்தையைக் குறை சொன்னார்கள். 2001 நவம்பரில் ஒரு பருத்திக் காட்டில் எட்டுப் பெண்களின் சடலங்கள் கிடைத்தன. அவர்களில் மூவர் வழக்கில், 2009-இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் மெக்சிகோ அரசே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. விடாமல் போராடியவர்கள் தாய்மார்கள்.

என் அக்கா எட்டாவதோடு நின்று மில்லுக்குப் போனவள். என் பீஸ் அவள் சம்பளம்தான். ஆறு வருஷமாக அறுந்த நூலைச் சேர்க்கிற அதே வேலை. நான் அடுத்த வருஷம் சூப்பர்வைசராகப் போகலாம். "இதுங்களுக்குச் சொல்லிக் கொடுத்து என்ன புண்ணியம்" என்று என் காதிலும் விழும். லீவில் இதையெல்லாம் சொன்னேன். "எந்த ஊர்லடா?" என்றாள். மெக்சிகோ என்றேன். சிரித்தாள். பிறகு என் பையிலிருந்த வெர்னியரை எடுத்து, "இத எப்படிப் பாக்கறது, சொல்லு" என்றாள்.

அரை மணியில் அளவு சரியாகச் சொன்னாள். எனக்கு இரண்டு வாரம் ஆச்சு.