கடலைப் பார்த்த வீடு... கதவில் தொங்கும் பூட்டு! கார்ன்வால் மக்களின் கதை

இங்கிலாந்து மேப்பில் தென்மேற்கு மூலையைப் பாருங்கள். யாரோ அட்லான்டிக் கடலுக்குள் காலை நீட்டிப் படுத்திருப்பதுபோல ஒரு நிலம் தெரியும். அதுதான் கார்ன்வால். மூன்று பக்கமும் கடல். கிழக்கே மட்டும் பக்கத்து மாவட்டமான டெவன். அந்த எல்லையிலும் பெரும்பகுதி தாமர் என்ற ஆறுதான். வடக்குக் கடலுக்குச் சில கிலோமீட்டர் முன்னால் ஊற்றெடுத்து, தெற்குக் கடலில் போய்ச் சேர்கிறது. அந்த ஊற்று இன்னும் கொஞ்சம் வடக்கே தள்ளி இருந்திருந்தால், கார்ன்வால் ஒரு தீவு!

அதனாலோ என்னவோ, 'தாமரைத் தாண்டினால்தான் இங்கிலாந்து' என்று பாதி விளையாட்டாகவும் பாதி சீரியஸாகவும் சொல்பவர்கள் இங்கே உண்டு. தங்கள் ஊரை 'கெர்னோ' என்பார்கள். கறுப்புத் துணியில் வெள்ளைச் சிலுவை போட்ட தனிக்கொடியும் உண்டு. 2014-ல் பிரிட்டன் அரசே இவர்களைத் தேசியச் சிறுபான்மையினராக அங்கீகரித்தது.

இதமான பருவநிலை, பனை மரங்கள், மணல் கரைகள், அலைச்சறுக்கு... பிரிட்டனில் 'சம்மர் லீவுக்கு எங்கே போகலாம்' என்ற பேச்சு வந்தால் கார்ன்வால் பெயர் வராமல் இருக்காது. 2021-ல் ஜி7 தலைவர்கள் கூடியதும் இங்குள்ள கார்பிஸ் பே கடற்கரையில்தான். ஆனால் இந்த அழகான இடத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, இங்கே குடியிருக்க ஒரு வீடு கிடைப்பதுதான் பெரும்பாடு.

பூமிக்கு அடியில் ஒரு காலம்

டூரிஸ்டுகள் வருவதற்கு முன்னால் கார்ன்வாலுக்குச் சோறு போட்டது தகரமும் தாமிரமும். 19-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலகத் தாமிரச் சந்தையையே ஆட்டிவைத்த ஊர் இது. சில சுரங்கங்கள் கடலுக்கு அடியிலேயே போயின. தலைக்கு மேல் அலை உருட்டும் பாறைகளின் சத்தம் கேட்கக் கேட்க வேலை செய்திருக்கிறார்கள்.

சுரங்கத்துக்குள் கொண்டுபோன சாப்பாடுதான் இன்று உலகப் புகழ்பெற்ற 'கார்னிஷ் பேஸ்டி'. நம்ம ஊர் சோமாசியைக் கைக்கு அடங்காத அளவுக்குப் பெரிதாக்கி, பூரணத்துக்குப் பதில் மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ஸ்வீட் என்ற கிழங்கு ஆகியவற்றை வைத்து மூடி, ஓரத்தைக் கயிறுபோல் முறுக்கி, அவனில் சுட்டால் பேஸ்டி. தகரத் தாதுவோடு ஆர்செனிக் விஷமும் கையில் ஒட்டியிருக்கும் என்பதால், முறுக்கின ஓரத்தைப் பிடித்துச் சாப்பிட்டுவிட்டு அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்றொரு கதை உண்டு. கதை சுவாரஸ்யம்தான். ஆனால், அரைவயிற்றுக் கூலிக்காரர் சாப்பாட்டை வீசுவாரா என்று சந்தேகப்படும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்! 2011 முதல் இதற்கு ஐரோப்பியப் புவிசார் குறியீடும் உண்டு.

தாமிரத்தின் விலை விழுந்ததும் குடும்பம் குடும்பமாகக் கப்பல் ஏறினார்கள். ஆஸ்திரேலியா, அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, மெக்சிகோ... 'உலகத்தில் எங்கே குழி தோண்டியிருந்தாலும் அடியில் ஒரு கார்ன்வால்காரன் இருப்பான்' என்பது பழைய பேச்சு. மெக்சிகோவின் ஹிடால்கோ மாநிலத்தில் இன்றும் தெருவுக்குத் தெரு பேஸ்டி கிடைக்கிறது, உள்ளே மிளகாய்க் காரத்தோடு.

அந்தக் குழிகளில் ஒன்று கோலார் தங்கவயல். 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் அங்கே கால் வைத்தபோது, கார்ன்வாலில் தொழில் கற்ற சுரங்கக்காரர்களும் வந்து இறங்கினார்கள். மேற்பார்வை அவர்களுக்கு, அடியில் இறங்கிப் பாறையை உடைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, தர்மபுரிப் பக்கத்துத் தமிழர்கள். கூலியும் குடியிருப்பும் ஒன்றல்ல. அவர்களுக்குப் பங்களா, இவர்களுக்குக் குடிசை வரிசை. ஆனால் முடிவு இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. 1985-ல் உலகச் சந்தையில் தகரத்தின் விலை சரிந்தது. கார்ன்வாலின் கடைசித் தகரச் சுரங்கமான சவுத் கிராஃப்டி 1998 மார்ச்சில் மூடப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 2001 பிப்ரவரியில் தங்கவயலும் மூடியது. தங்கவயல் பிள்ளைகள் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு ஓடுகிறார்கள். கார்ன்வால் பிள்ளைகளுக்கு அப்படி ஓட, பக்கத்தில் ஒரு பெருநகரம்கூட இல்லை.

ஆறு மாத வீடு

மிஞ்சியது மீனும் டூரிஸமும். நியூலின் துறைமுகத்தில் மீன்பிடி இன்னும் நடக்கிறது. யாரும் சீண்டாத 'பில்சர்ட்' மீனுக்கு 'கார்னிஷ் சார்டைன்' என்று பெயர் மாற்றி விற்பனையைத் தூக்கிய கெட்டிக்காரர்கள் இவர்கள். என்றாலும் பெரும்பாலான வேலை ஹோட்டல், கஃபே, தங்கும் விடுதி என்றுதான். சீசனில் வேலை, குளிரில் காத்திருப்பு. சம்பளமோ நாட்டுச் சராசரிக்குக் கீழே.

வீட்டு விலையை நிர்ணயிப்பது அந்தச் சம்பளம் அல்ல, லண்டன் சம்பளம். விடுமுறைக்கு மட்டும் வந்து தங்க வாங்கிப் போட்ட வீடுகள் கார்ன்வாலில் பத்தாயிரத்துக்கும் மேல். மீனவர்கள் கட்டிய கல்வீடுகளின் வாசலில் இன்று சாவிப் பெட்டி தொங்குகிறது. 'குளிர்கால வாடகை' என்றே ஒரு ஏற்பாடு இருக்கிறது. இலையுதிர் காலத்தில் குடிவந்து, ஈஸ்டர் நெருங்கும்போது மூட்டை கட்ட வேண்டும், ஏனென்றால் சீசன் விருந்தாளி ஒரு வாரத்துக்குத் தரும் பணம் அதிகம். பள்ளி செல்லும் பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படி வீடு மாறுவது எவ்வளவு கொடுமை என்று குடித்தனக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

செயின்ட் ஐவ்ஸ் என்ற கடலோர ஊர் 2016-ல் இதற்கு ஒரு வழி செய்து பார்த்தது. புதிதாகக் கட்டும் வீடுகளை, அங்கேயே நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்குத்தான் விற்க வேண்டும் என்று வாக்கெடுப்பு நடத்தியது. 80 சதவிகிதத்துக்கும் மேல் ஆதரவு! ஆனால் பணம் வேறு சந்தில் நுழைந்தது. இரண்டாம் வீடு தேடியவர்களுக்குத் தடை இல்லாத பழைய வீடுகள் இருந்தன. 2025 ஏப்ரல் முதல் இப்படிப்பட்ட வீடுகளுக்குக் கவுன்சில் வரியை இரண்டு மடங்காக்கியிருக்கிறது உள்ளூர் நிர்வாகம்.

ஆட்கள் வெளியேறினால் மொழியும் கூடவே தேயும் என்பது இவர்களுக்குப் பழகிய பாடம். கார்னிஷ் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசிப் பெண் என்று சொல்லப்படும் மவுஸல் ஊர் மீன்காரம்மா டாலி பென்ட்ரீத் 1777-ல் இறந்தார். 1904-ல் ஹென்றி ஜென்னர் எழுதிய கையேட்டிலிருந்து மறுபடியும் படிக்க ஆரம்பித்தார்கள். 'அழிந்த மொழி' என்ற முத்திரையை யுனெஸ்கோ 2010-ல் நீக்கியது. 2011 சென்சஸில் இதையே முதன்மை மொழி என்று எழுதியவர்கள் 557 பேர். இன்று தெருப் பெயர்ப்பலகைகளில் இரண்டு மொழியும் இருக்கின்றன.

கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே, கேம்போர்னுக்கும் ரெட்ரூத்துக்கும் நடுவே, டூரிஸ்டுகள் எட்டிப்பார்க்காத பகுதியில் மூடிக்கிடக்கும் சவுத் கிராஃப்டி சுரங்கத்தில் 2023 அக்டோபர் முதல் தண்ணீரை இறைக்கத் தொடங்கினார்கள். செல்போன் முதல் சோலார் பேனல் வரை இன்று தகரம் தேவைப்படுகிறது. இருபத்தைந்து ஆண்டுகளாக நிரம்பிய தண்ணீர் அது. சுத்திகரித்து, பக்கத்திலுள்ள ரெட் ரிவர் ஆற்றில் விடுகிறார்கள்.