கிள்ளி உண்ணும் பாண்

இலங்கைத் தமிழர் நாள்தோறும் வழங்கும் ‘பாண்’ என்ற சொல் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல்லாகும். 1505ஆம் ஆண்டில் இத்தீவின் கரையை அடைந்த அவர்கள், 1543இல் யப்பானைச் சேர்ந்த தனெகசிமாத் தீவையும் எட்டினர். பின்னர் இரு நாடுகளிலிருந்தும் அவர்கள் அகன்றனர். அவர்கள் தந்த சொல் அகலவில்லை. யப்பானியர் இன்றும் அவ்வுணவைப் ‘பன்’ என்றே அழைக்கின்றனர். ஆகவே, யட்டவத்தையில் ஒரு தாய் தன் பிள்ளைகளுக்காக யப்பானியப் பாண் சுட முனைவாளாயின், அவள் வீட்டுக்கு வருவது அந்நியரன்று, தூரத்து உறவினரே.

யப்பானியரும் நம்மவர் போலச் சோறுண்ணும் மக்கள். தோக்கியோ நகரில் 1869இல் கடை தொடங்கிய கிமுரா யசுபே என்பவர், 1874இல் இனிப்பான பயற்று விழுதை உள்ளே வைத்து ஒருவகைப் பணிஸைச் செய்தார். மாவைப் பொங்க வைக்க அவர் பயன்படுத்தியது சோற்றிலிருந்து எடுத்த புளிப்பு. அப்பமாவில் கள் வார்த்துப் புளிக்க வைத்த இலங்கைப் பெண்களுக்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும்.

அந்த மரபின் வழியில் அண்மைக் காலத்தில் பரவியதே ‘சிகிரிப் பன்’. மாத்தளை மாவட்டத்தார்க்குச் சிகிரியாக் குன்று நினைவுக்கு வரலாம். ஆயினும் இரண்டிற்கும் தொடர்பில்லை. யப்பானிய மொழியில் ‘சிகிரு’ என்றால் கிள்ளி எடுத்தல் என்பது பொருள். சிறு உருண்டைகள் ஒரே தட்டில் நெருங்கி வெந்து ஒட்டிக்கொள்ளும். உண்பவர் கத்தியின்றிக் கையாற் பிய்த்து எடுப்பர். ஒவ்வோர் உருண்டையையும் பூனையாகவோ கரடியாகவோ அலங்கரிப்பது இதன் சிறப்பு.

பதினாறு உருண்டைகளுக்கு 300 கிராம் கோதுமை மா போதும். அதில் 60 கிராமை எடுத்து, இடியப்பத்துக்குக் குழைப்பது போல, 60 மில்லிலீற்றர் கொதிநீர் ஊற்றிக் கிளறி ஆறவிட வேண்டும். கொதிநீர் பட்ட மாப்பொருள் நீரை உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்வதால் பாண் மறுநாளும் மென்மையாயிருக்கும். எஞ்சிய மாவுடன் 125 மில்லிலீற்றர் இளஞ்சூடான பால், 30 கிராம் சீனி, 4 கிராம் உப்பு, 4 கிராம் உலர்ந்த ஈஸ்ட், ஆறிய களி ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, இறுதியில் 30 கிராம் வெண்ணெய் சேர்க்கலாம். மா கிழியாமல் மெல்லிய சவ்வுபோல விரியும்வரை கை ஓயலாகாது.

ஈஸ்ட் என்னும் மதுவம் ஓர் உயிர். பால் மிகச் சூடாயிருப்பின் அது மடிந்துவிடும். உயிரோடிருந்தால் சர்க்கரையை உண்டு காபனீரொட்சைட்டை வெளியிடும்; அவ்வாயுவே மாவை உப்பச் செய்கிறது. குளிர்ந்த காலைப்பொழுதில் இதற்கு நேரம் கூடும். ஆதலின் கடிகாரத்தைப் பாராது மாவையே பார்த்தல் வேண்டும். அது இரு மடங்கானபின் உருண்டைகளாக்கி, 20 சென்றிமீற்றர் சதுரத் தட்டில் நான்கு வரிசையாக இடைவெளி விட்டு அடுக்கலாம். அவை மீண்டும் உப்பி ஒன்றையொன்று தொட்டதும் போறணையில் வைக்கலாம்.

நிறத்துக்குக் கடைச்சாயம் வேண்டியதில்லை. மஞ்சள்தூள் பொன்னிறம் தரும்; மாத்தளையில் விளையும் கொக்கோ கபில நிறம் தரும். பீற்றூட் சாறோ வெப்பத்தில் மங்கிவிடும். நிறம் கருகாதிருக்க 160 பாகை செல்சியசில் ஏறத்தாழ 25 நிமிடம் சுட்டு, மேற்புறம் சிவக்கத் தொடங்கியதும் அலுமினியத் தாளால் மூடுதல் நன்று. அழகு கெடுமென்று அஞ்சி முன்னதாகவே வெளியே எடுப்பவர் பலர். நடுவிலுள்ள உருண்டைகள் அப்போது வேகாமல் நிற்கும். கண்ணும் வாயும் தீட்டுவது நன்கு ஆறியபின் செய்யும் வேலை. உருக்கிய சொக்கிலேற்றும் ஓர் ஈர்க்கும் அதற்குப் போதும்.

இது வெறும் விளையாட்டன்று. கோதுமை இத்தீவின் பயிரன்று. கப்பலில் வரும் பொருள். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் மாவின் விலை ஏறியபோது, பாண் வாங்கவே பல குடும்பங்கள் தயங்கின. அந்நாட்களை அறிந்த வீட்டில் ஒரு பிடி மாவும் வீணாகலாகாது. முதன்முறை செய்பவர் பாதியளவில் தொடங்குவது விவேகம். முகம் கோணிய கரடியும் நன்கு வெந்திருந்தால் நல்ல உணவே. உள்ளே சிறிது சீனிச் சம்பல் வைத்தால் பிள்ளைகள் கோணலைக் கவனியார்.

பதினாறு உருண்டைகளும் தனித்தனியே உப்பினாலும், ஒன்றையொன்று தாங்கியே உயர்கின்றன. வெந்தபின் ஒன்றைக் கிள்ளி அருகிலிருப்பவருக்குக் கொடுத்த பிறகே அடுத்ததை எடுக்கும் வழக்கத்தைப் பிள்ளைகள் இத்தட்டிலேயே பழகிக்கொள்ளலாம்.