காஸ்மிக் கதிர்களைக் காட்டிக்கொடுத்த மேகங்கள்

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் தே தாரிக் குடிக்கும்போதும், கிள்ளானில் வீட்டுக்குள் தூங்கும்போதும், நொடிக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் துகள் உங்கள் உள்ளங்கையைத் துளைத்துப் போகிறது. காஸ்மிக் கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதுவதால் பிறப்பவை இவை. அக்கதிர்கள் மேலிருந்துதான் வருகின்றன என்று 1912இல் பலூனில் ஏறிப் போய்க் காட்டினார் விக்டர் ஹெஸ். புறப்படும் இடம் எது என்பதில்தான் சிக்கல். பெரும்பாலும் புரோட்டான்களான அவற்றுக்கு மின்னூட்டம் உண்டு. பால்வீதியின் காந்தப்புலம் வழிநெடுக வளைத்துவிடுவதால், வந்த திசையை வைத்து ஊரைச் சொல்ல முடியாது. வெடித்த விண்மீன்கள்மேல், அதாவது சூப்பர்நோவாக்கள்மேல், 1934 முதலே சந்தேகம் இருந்தது.

துப்புக் கொடுத்தவை அந்த வெடிப்புகளின் பக்கத்தில் கிடந்த மூலக்கூறு மேகங்கள். மேகம் என்று பேர்தான். ஒரு கன சென்டிமீட்டருக்குச் சில நூறு, சில ஆயிரம் ஹைட்ரஜன் மூலக்கூறுகளே இருக்கும். நாம் சுவாசிக்கும் காற்றின் முன் அது வெறும் வெற்றிடம். ஆனால் பல ஒளியாண்டு அகலம் என்பதால் மோதல்களுக்குப் பஞ்சமில்லை. விரைந்து வரும் புரோட்டான் அங்கே மோதினால் மின்னூட்டமற்ற பையான் பிறந்து, உடனே இரண்டு காமா கதிர்களாக உடைகிறது. காமா கதிரைக் காந்தம் வளைக்காது, நேரே வரும்.

ஆகஸ்டு இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே, பூராட நட்சத்திரத்துக்குச் சற்று மேலே உள்ளது டபிள்யூ28 என்ற பழைய வெடிப்பின் எச்சம். கோலாலம்பூர் விளக்கொளி இல்லாவிட்டாலும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. 2008இல் நமீபியாவின் ஹெஸ் தொலைநோக்கிகள் அங்கே காமா கதிர்களைக் கண்டன. சிலியின் நாண்டன் தொலைநோக்கி கார்பன் மோனாக்சைடை வைத்து வரைந்த மேகப் படத்தோடு அவை பொருந்தின. எச்சத்தின் எல்லைக்கு வெளியே, தெற்கே இருந்த மேகங்களும் ஒளிர்ந்தன. புரோட்டான்கள் தப்பித்து அதுவரை போயிருக்கின்றன என்று படிக்கலாம். எனக்கு இதுதான் மிகச் சுவையான பகுதி.

எலக்ட்ரானும் காமா கதிரை உண்டாக்குமே? ஐசி 443, டபிள்யூ44 என்ற இரு எச்சங்களில் 20 கோடி எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே காமா கதிர் மளமளவென்று குறைவதை 2013இல் ஃபெர்மி விண்கலக் குழு அறிவித்தது. அது பையானின் கைரேகை.

அத்தோடு வழக்கு முடியவில்லை. ஊட்டியின் கிரேப்ஸ்-3 ஆய்வகம் அளக்கும் காஸ்மிக் கதிர்களின் ஆயிரம் லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு இந்தக் கிழட்டு எச்சங்கள் எட்டுவதாகத் தெரியவில்லை. சீனாவின் லாசோ ஆய்வகம் 2021இல் அதிஆற்றல் காமா கதிர் வரும் 12 இடங்களைப் பட்டியலிட்டது. அவற்றில் எத்தனை புரோட்டானின் வேலை, எத்தனை எலக்ட்ரானின் வேலை என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.