தெரிந்த பாட்டுக்குள் தெரியாத பாதை

1977 மே 8. நியூயார்க் மாநிலத்தின் இதாக்கா நகரில், கோடை நெருங்கும் வேளையிலும் பனி விழுந்த இரவு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் கிரேட்ஃபுல் டெட் குழு வாசித்தது. எழுதி வைத்தபடி வாசித்து முடிப்பவர்கள் அல்ல அவர்கள். பாட்டை ஒரு வாசலாக வைத்துக்கொண்டு, மேடையிலேயே யோசித்து யோசித்து நீட்டிச் செல்பவர்கள். ‘ஜாம் இசைக்குழு’ என்று இப்படிப்பட்டவர்களைச் சொல்வார்கள். அந்த இரவின் ஒலிப்பதிவை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2011ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது.

அந்தக் குழு ஆயிரக்கணக்கான கச்சேரிகள் செய்தது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒலிநாடாவும் உண்டு. அப்படியிருக்க இந்த ஒன்றை எதைக் கொண்டு எடை போடுவது?

முதலில் காது எங்கே இருந்தது என்று கேட்க வேண்டும். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி நிற்பவரை அது பத்தில் ஒரு நொடி தாமதமாக எட்டும். அதற்குப் பின்னாலேயே சுவரிலும் கூரையிலும் மோதிய எதிரொலிகள் வந்து சேரும். பார்ட்டன் ஹால் முதல் உலகப் போர்க் காலத்தில் ராணுவப் பயிற்சிக்காகக் கட்டிய பிரம்மாண்டக் கூடம், இசைக்காகக் கட்டியதல்ல. கூட்டத்துக்கு நடுவே வைத்த மைக்கில் குழுவின் இரண்டு டிரம் கலைஞர்களின் அடிகளும் எதிரொலியோடு குழம்பிவிடும். பெட்டி கேன்டர்-ஜாக்சன் என்ற ஒலிப்பதிவாளர் மேடை மைக்குகளின் ஒலியைக் கம்பி வழியாகவே எடுத்து நாடாவில் ஏற்றினார். ஒலி கூடத்துக்குள் கலைவதற்கு முன்பே பிடிபட்டுவிட்டது. அதனால்தான் குழுவின் ஃபில் லெஷ் வாசிக்கும் பேஸ் கிதார் ஒவ்வொரு சுரமாக நடந்து செல்வது அத்தனை துல்லியமாகக் கேட்கிறது.

அந்த நாடாக்கள் பட்ட பாடு தனிக் கதை. வாடகை கட்ட முடியாமல் போனதால், கிடங்கில் கிடந்த கேன்டர்-ஜாக்சனின் நாடாக்கள் 1986இல் ஏலத்துக்குப் போயின. ரசிகர்கள் வாங்கிச் சீர்செய்து, கைக்குக் கை பிரதியெடுத்துப் பரப்பினார்கள். முறைப்படி இசைத்தட்டாக வெளியானது 2017இல்தான்.

அடுத்த கேள்வி, என்ன வாசித்தார்கள் என்பது. அன்றைய நிரலில் பிறர் பாடல்கள் பல. ‘நாட் ஃபேட் அவே’ 1957இல் பட்டி ஹாலி பதிவு செய்தது. மூலத்தின் நீளம் இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு. அதன் உயிர் மெட்டில் இல்லை, தாளத்தில் இருக்கிறது. பதினாறு சிறு மாத்திரைகளில் ஐந்து அடிகள். அவற்றின் இடைவெளி 3, 3, 4, 2, 4. ஆப்பிரிக்காவில் வேர்விட்டு, கியூபாவில் செழித்த தாளம் இது. அதற்கு நெருங்கிய ஒன்றைத்தான் போ டிட்லி 1955இல் ராக் இசைக்குள் கொண்டுவந்தார். கார்னெல் பதிவில் ‘செயின்ட் ஸ்டீபன்’ என்ற சொந்தப் பாட்டின் நடுவிலிருந்து இந்தத் தாளம் முளைக்கிறது. ஒரு சொல் பாடும் முன்பே எந்தப் பாட்டு வருகிறது என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். பிறகு கால் மணி நேரத்துக்கும் மேல் அந்த அடிகளுக்குள்ளேயே அலைந்து, விட்டுவந்த ‘செயின்ட் ஸ்டீபன்’ பாட்டுக்கே திரும்புகிறார்கள்.

தெரிந்த பாட்டு ஏன் இப்படிச் சிலிர்க்க வைக்கிறது? மாண்ட்ரியால் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல், கேட்பவர்களுக்கு அவரவருக்குப் பிடித்த இசையையே போட்டு மூளையைப் படம் பிடித்தார்கள். சிலிர்ப்பு வரும் கணத்தில் டோபமைன் சுரந்தது. அதற்குச் சில நொடிகள் முன்பும், மூளையின் வேறொரு பகுதியில் சுரந்திருந்தது. அதாவது வரப்போவதை எதிர்பார்ப்பதே ஒரு தனி இன்பம். புதுப் பாட்டில் அந்த எதிர்பார்ப்பு அவ்வளவாக இருக்காது. ஊரறிந்த பாட்டிலோ வழி தெரியும், வரும் நேரம் தெரியாது. நல்ல ஜாம் குழு அந்த நேரத்தைத்தான் தள்ளிப்போடுகிறது.

வாசிப்பவரின் மூளையிலும் மாற்றம் நடக்கிறது. 2008இல் சார்லஸ் லிம்ப், ஆலன் பிரான் இருவரும் ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை ஆராய்ந்தார்கள். அந்தக் கணத்திலேயே கற்பனை செய்து வாசிக்கும்போது, தன்னைத் தானே கண்காணிக்கும் முன்மூளைப் பகுதிகள் அடங்கின. சுய வெளிப்பாட்டோடு தொடர்புடைய பகுதி விழித்தது. கர்நாடக இசையின் நிரவலில் பாடகர் தன்னை மறந்து ஒரு வரியைச் சுற்றிச் சுற்றி வருவதைக் கேட்டவர்களுக்கு இது வியப்பாக இராது. 

இறுதியாக ஒரு பாட்டைப் பார்க்கலாம்: ‘மார்னிங் டியூ’. கனடாப் பாடகி பானி டாப்சன் எழுதியது. அணுகுண்டுப் போருக்குப் பின் மிஞ்சிய இருவரின் பேச்சு. குழுவின் ஜெர்ரி கார்சியா இதை ஏறக்குறைய முணுமுணுப்பாகத் தொடங்குகிறார். முடிவில் அவர் கிதார் படிப்படியாக ஏறி உச்சத்தில் நின்று அதிர்கிறது. ஒலியின் செறிவு பத்து மடங்கானால்தான் நம் காதுக்கு ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றும். எனவே இத்தகைய ஏற்றத்துக்கு, தொடக்கத்தின் அமைதியும் உச்சத்தின் முழக்கமும் நாடாவில் சிதையாமல் பதிந்திருக்க வேண்டும். இங்கே பதிந்திருக்கின்றன.

என் தீர்ப்பு இதுதான்: ஒரு நேரலைப் பதிவின் தரம், தெரிந்த பாட்டைவிட்டு எவ்வளவு தூரம் போனார்கள் என்பதில் மட்டும் இல்லை, எந்தக் கணத்தில் வீடு திரும்பினார்கள் என்பதிலும் இருக்கிறது. கார்னெல் பதிவு அதில் தேறுகிறது. பட்டி ஹாலியின் மூலத்தை முதலில் இரண்டு முறை கேளுங்கள். தாளம் கையில் படிந்த பிறகு கார்னெல் பதிவைப் போடுங்கள். காத்திருப்பதே எவ்வளவு பெரிய இன்பம் என்று உங்கள் காதே சொல்லும்.