மேற்பார்வையாளர் இல்லாத வேளையில்

பாரூர்ப் பெரிய ஏரியின் பாசனத்தில் பயிரிடும் உழவனுக்கு மேற்பார்வையாளர் எவரும் இல்லை. முறைத் தண்ணீர் நள்ளிரவில் வந்தாலும் அவன் தானே விழித்தெழுந்து, மண்வெட்டியுடன் சென்று மடையைத் திருப்புகிறான். அவனை எழுப்புவது அவன் உள்ளமே.

அத்தகைய உழவர்களின் பிள்ளைகள் பலர் இன்று போச்சம்பள்ளிக்கும் ஓசூருக்கும் ஆலை வேலைக்குச் செல்கின்றனர். அங்கே சங்கு ஒலிக்கிறது, வருகை பதிவாகிறது, கண்காணிப்பவர் அருகே நிற்கிறார். அவர் அப்பால் சென்றதும் கைகள் தளர்வதையும் காண்கிறோம். தந்தையிடம் இருந்த அந்த விழிப்பு மகனிடம் ஏன் குன்றியது? பயிர் தந்தையுடையது, ஆலைப் பொருளோ மகனுடையதன்று. இதுவே காரணம் எனலாம். அவ்வாறாயின், தனக்கு உடைமையில்லாத வேலையைத் தனதாக எண்ணிச் செய்ய இயலுமா?

இயலும் என்பதற்கு ஓசூரே சான்று. 1980இல் அங்கே மொபெட் உற்பத்தியைத் தொடங்கிய தொழிற்கூடம், பின்னர் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனமாக வளர்ந்து, 2002இல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. 1951இல் நிறுவப்பட்ட இப்பரிசு, அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங்கின் பெயரைத் தாங்கியது. இறுதியில் செய்யும் சோதனை குறையைக் கண்டுபிடிக்குமேயன்றித் தரத்தை உண்டாக்காது என்பது அவரது போதனை. தரம், வேலை நடக்கும்போதே செய்பவனின் கையில் பிறக்க வேண்டும். அதே 2002ஆம் ஆண்டில் டைட்டன் நிறுவனம் வெளியிட்ட 'எட்ஜ்' கைக்கடிகாரத்தின் இயங்குபொறி 1.15 மில்லிமீட்டர் கனமே கொண்டது. இத்தகைய நுண்பணியை அதட்டி வாங்க முடியுமா?

டெமிங் நிர்வாகத்தையும் விட்டுவைக்கவில்லை. குறைகளில் பெரும்பாலானவை தொழிலாளியால் அன்று, அமைப்பு முறையாலேயே நேர்கின்றன என்றார். அச்சத்தை அகற்றுங்கள், வெறும் முழக்க அட்டைகளால் பயனில்லை என்றும் வற்புறுத்தினார். தவற்றை ஒப்புக்கொள்பவன் தண்டிக்கப்படும் இடத்தில் எவனும் உண்மை பேசமாட்டான் அன்றோ?

"ஒப்பந்த வேலைதானே, நாளைக்கே நிறுத்திவிடுவார்கள், இதற்கு ஏன் உள்ளத்தைக் கொடுக்க வேண்டும்?" என்று இளைஞர் கேட்பது நியாயமே. நேரிய ஊதியமும் நிலையான வேலையும் கேட்பது அவர்தம் உரிமை. அதை நாம் குறைத்துரைக்கவில்லை. ஆயினும் ஒன்றை நினைவிற்கொள்வோம். செய்த பொருள் ஆலைக்கு உரியது; செய்யக் கற்ற திறமையோ செய்தவனுக்கே உரியது. வாயிற்கதவு அடைபட்டாலும் அது அவனுடனேயே வெளிவரும். அரைகுறையாகச் செய்து பழகிய கையும் அவ்வாறே உடன்வரும்.

ஆகவே, பிறர் காணுமுன் தன் பிழையைத் தான் காண்பதும், அது ஏன் நேர்ந்தது என வினவுவதும், அடுத்த முறைக்கு வருபவரிடம் மறைக்காமல் சொல்வதும் பழக்கமாகட்டும். பெற்றோரே, வேலை முடிந்து திரும்பும் பிள்ளையிடம் சம்பளத்தை மட்டும் கேளாதீர்கள். "இன்று எதை நன்றாகச் செய்தாய்?" என்றும் கேளுங்கள். நள்ளிரவில் மடை திருப்பிய தந்தைக்கு அவ்வாறு கேட்கும் தகுதி உண்டு.